முன்னனுமதிக்கு நட்ட பந்தக்கால்

காஞ்சிபுரத்துக்காரர் என்றதும் தறியைப் பற்றிக் கேட்பவர்களிடம் தேவசகாயம் எரிந்து விழுவார். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். அவருடைய அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய ஐயம்பேட்டை நிலம் இப்போது தரிசு. அதில் சூரிய மின்நிலையம் போட, நிலத்துக்காரர் மகன் தணிகாசலத்தோடு கூட்டுச் சேர்ந்து, ஐம்பத்திரண்டு வயதில் கிளம்பினார். ஆறு மாதம் அலைந்து முன்னனுமதி வாங்கினார்.

மனு எழுதிக் கொடுத்தவன் நான். முன்னனுமதி என்றால், ஓராண்டுக்கு அந்த வட்டாரத்துக்கான மின்நிலைய உரிமத்தை வேறு யாரும் கேட்க முடியாது, அவ்வளவுதான். மண்ணைச் சோதிக்கலாம், வெயிலை அளக்கலாம். உரிமம் வருமுன் நிலையாக ஒரு கல் ஊன்றினாலும் ரத்து. அதற்காகவே சென்னைக் கம்பெனி ஒன்று மனுவோடு காத்திருந்தது.

தணிகாசலத்துக்கு ‘முன்’ கண்ணில் படவில்லை; ‘அனுமதி’ மட்டும் பட்டது. அதிகாரி பார்வையிட வரும் நாள் நல்ல முகூர்த்தமாகவும் அமைந்து தொலைத்தது. காலையில் நானும் தேவசகாயமும் போனபோது, நிலத்தின் நடுவே மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டிய மூங்கில் நின்றது. சாயக்கூடாதென்று அடியில் சிமென்ட் வேறு.

மூங்கிலருகே நின்ற தணிகாசலத்தின் கையைப் பிடித்து இழுத்தார் தேவசகாயம். “இன்னாபா பண்ணி வச்சிருக்கிற? மொதல்ல புடுங்கு.”

“பந்தக்கால புடுங்குனா குடும்பம் வெளங்குமாபா?”

பேசிக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்து நின்றது.

அதிகாரி சுகாசினி மூங்கிலை ஒரு சுற்று வந்து, “யார் நட்டது?” என்றார்.

“நான்தாம்மா. நம்ம கரண்டு கம்பெனிக்கு” என்றார் தணிகாசலம், பெருமை குறையாமல். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

சுகாசினி பேனாவைத் திறந்தார். “கையால பிடுங்கினா வருதுன்னா தற்காலிகம்னு எழுதலாம். வரலைன்னா கட்டுமானம்தான்.”

தேவசகாயம் மூங்கிலை நோக்கிப் பாய்ந்தார்.

“நீ தொடாத” என்று கத்தினார் தணிகாசலம்.

தேவசகாயம் அப்படியே நின்றுவிட்டார். சிறுவயதில் அப்பாவோடு அதே வரப்பில் கேட்ட சொல். முகம் இருண்டுவிட்டது. இனி இந்தக் கூட்டே வேண்டாம் என்று போய்விடுவாரோ என்று பயந்தேன்.

தணிகாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூங்கிலைக் கட்டிப்பிடித்து ஆட்டினார். அசையவில்லை. மறுபடி ஆட்டினார். சரியாகக் காயாத சிமென்ட் மெல்ல விரிசல் விட்டு, மூங்கில் மண்ணோடு வெளியே வந்தது. சுகாசினி எழுதத் தொடங்கினார்.

தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேவசகாயத்தைப் பார்த்தார்.

“புடுங்குன தோஷம் என்னோட போவட்டும்பா. உன் புள்ளைங்களுக்கு வேணாம்.”