டீசல் பம்பில் களிமண்

அந்த லாரியை நான் வாங்கியது வீம்புக்குத்தான். என் அண்ணன் காலை நசுக்கிய லாரி அது.

கூலித் தகராறில் நாங்கள் அறுவடையை நிறுத்தியிருந்த வருஷம். ஒருநாள் காலையில் மிராசுதார் வெளியூர் ஆட்களை அதில் கொண்டுவந்து வயலில் இறக்கினார். சாயங்காலம் நெல் மூட்டைகளோடு அது திரும்பியபோது வாய்க்கால் கரையில் மறித்தோம். நிற்கவேண்டிய வண்டி உறுமிக்கொண்டு வந்து முன்னால் நின்ற அண்ணன்மேல் ஏறியது. முட்டிக்குக் கீழே சதையும் எலும்பும் கூழாகிவிட்டன.

டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டோம். திருவிடைமருதூர்க்காரர். "மிதியிலேர்ந்து காலை எடுத்துட்டேங்க, ஆக்சிலேட்டர் திரும்பலங்க" என்று கும்பிட்டார். மிராசுதார் சொல்லித்தான் ஏற்றினார் என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை. வண்டியின் ஸ்டார்ட்டிங் ராடையே எடுத்து டிரைவருடைய வலது முழங்கையில் போட்டேன். இரண்டாவது அடியில் எலும்பு வெளியே வந்தது. மூன்றாவது அடி தேவையே இல்லை. அதையும் போட்டேன். அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

பல வருஷம் கழித்து, நான் திருவாரூரில் மெக்கானிக்காக இருந்தபோது, உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போன மிராசுதார் வீட்டில் ஒவ்வொன்றாக விற்றார்கள். அன்றைக்கு இழுத்து வந்து போட்டதிலிருந்து ரைஸ்மில்லுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த லாரியும் விலைக்கு வந்தது. அந்தச் சனியன் நம் வாசலுக்கு வரக்கூடாது என்று அண்ணன் கத்தினான். பயப்படுகிறான் என்று நினைத்தேன். அவன் காலைத் தின்ற வண்டி அவனுக்குச் சோறு போடட்டும் என்று சொல்லி இழுத்து வந்தேன்.

பானெட்டைத் திறந்தால் எலிக்குடும்பமே குடியிருந்தது. உமியும் புழுக்கையும் கூடை கூடையாக வந்தன. ஆயில் தார் மாதிரி இறுகியிருந்தது. இரண்டு நாள் டீசல் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். அண்ணன் கக்கத்தில் கட்டையோடு பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் டீசல் பம்புக்கு வந்தேன். அதைச் சுற்றிக் களிமண் செங்கல்லாகக் காய்ந்திருந்தது. குளவிக்கூடு என்றுதான் உளியை வைத்தேன். உள்ளே வைக்கோல் பிரி. மூன்று புரியாக, இடதுகைக்காரன் முறுக்கியது. ஆக்சிலேட்டர் ராடு அந்த மண்ணுக்குள் முழு வேகத்துக்கு இழுத்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அப்படிப் பிரி முறுக்கி மடை அடைக்கிறவன் ஒருவன்தான்.

பிரியை அண்ணன் முன்னால் போட்டேன்.

"மத்தியானம் வண்டி களத்துல நின்னுச்சுடா. டீசல் அந்த வழியாத்தான் போகுதுன்னு நெனச்சேன். மடை மாதிரி அடைச்சுட்டா கெளம்பாதுன்னு..."

"அந்த மனுசன் கையை நான் ஒடைச்சப்ப பாத்துக்கிட்டுத்தானே கெடந்த?"

"பாத்தேன்."

"ஏண்ணே சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த ராடால என்னையில்ல அடிச்சிருப்ப."

அவனை அடித்தேன். கட்டை ஒருபக்கம், அவன் ஒருபக்கமாக விழும்வரை அடித்தேன். கையிலிருந்த உளியை முதலில் கீழே போட்டுவிட்டு அடித்தேன். அத்தனை வருஷத்தில் எனக்கு வந்திருந்த புத்தி அவ்வளவுதான்.