ஓர் ஆள் நுழையும் வழி

சனிக்கிழமை, காலை 7.40. செங்கல்பட்டிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் காஞ்சிபுரத்தில் நின்றபோது, இறங்கியவர்கள் எல்லோருக்கும் பெட்டியைக் கீழே வாங்க ஒரு கை இருந்தது. என் பையை நானே தள்ளிவிட்டு, நானே குதித்து, நானே எடுத்துக்கொண்டேன். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறிய புதிது. அரசு அலுவலகத்துப் பலகை ஒன்றில் பெயின்ட் இன்னும் பளபளவென்று இருந்தது.

நான் திருச்சியில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்ப்பவள். வயது நாற்பத்திரண்டு, மணமாகாதவள். நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் குரல்களை ஊராரோடு இணைத்துவிடுவது தொழில். ஆகவே விடுப்பு கிடைத்தால் யாரோடும் போகமாட்டேன். தனிப் பயணத்தின் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பசித்தபோது சாப்பிடலாம், ஒரு தூணை ஒரு மணி நேரம் பார்க்கலாம், "போதும் வா" என்று சொல்ல ஆளில்லை.

தொல்லையும் உண்டு. பயம் அல்ல, பைதான் பெரிய தொல்லை. துணையோடு வந்தவர்கள் "கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் குளத்தில் இறங்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லமா" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. அங்கே ஒரு பாட்டம் கத்திவிட்டு, விசாரித்து ஒரு சத்திரத்துக்குப் போனேன். பெண்கள் கூடத்தில் நாள் வாடகை ஒரு ரூபாய், பாயும் அதில் சேர்த்தி. பூட்டு மட்டும் கிடையாது. எனவே பை என் தோளிலேயே தங்கிவிட்டது.

காலை 9.15. கைலாசநாதர் கோயிலுக்கு சைக்கிள் ரிக்‌ஷா, முக்கால் ரூபாய். ஊரின் மேற்குக் கோடியில், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களைத் தாண்டிப் போக வேண்டும். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்.

கோயில் வாசலில் ரிக்‌ஷாவை அனுப்பிவிட்டு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய கோபுரங்களை அண்ணாந்து பார்த்துப் பழகிய எனக்கு இது வேறு மாதிரி இருந்தது. மணற்கல்லில் எழும்பிய விமானம், பின்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கங்கள், முற்றத்தைச் சுற்றிலும் சின்னஞ்சிறு சன்னிதிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர் குனிந்து உட்காரலாம். சில சுவர்களில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய வண்ணத்தில் ஒரு கண்ணோ கன்னமோ மிஞ்சியிருந்தது. கிளிகளைத் தவிர வேறு சத்தமே இல்லை. நாள் முழுக்க ஹலோ ஹலோ என்று கேட்ட காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்! எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் வெட்கமில்லை.

கருவறையில் பதினாறு பட்டை தீட்டிய பெரிய கருங்கல் லிங்கம். அதைச் சுற்றிவர ஒரு வழி உண்டு, ஆனால் நடந்து அல்ல. ஒரு பக்கம் தரையோடு தரையாக ஒரு துவாரம் இருக்கிறது. அதில் தவழ்ந்து நுழைந்து, இருட்டில் சுற்றி, மறுபக்கத் துவாரத்தில் வெளியே வர வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழைய முடியும்.

நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே, மறுபக்கத் துவாரத்திலிருந்து இரண்டு கைகள் வந்தன. பிறகு ஒரு தலை, அதன் பிறகு ஒல்லியான ஒரு பெண்மணி முழுசாக வந்து எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். என் பையையும் என் பருமனையும் ஒரு பார்வை பார்த்தார்.

"போங்கமா. பைய நான் பாத்துக்கறேன். கைய முன்னால நீட்டிக்கினு, தலைய ஒருக்களிச்சிக்கோங்க. மூச்ச வுட்டுட்டு நகருங்க, போயிடலாம்."

பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கு ஆகாரத்தில் ஒரு குறையும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பின்னாலும் போக முடியவில்லை. மூச்சை விட்டேன், கல் என்னை விட்டது. உள்ளே எழுந்து நின்றால் கும்மிருட்டு, கல்லின் குளிர்ச்சி, என் மூச்சைத் தவிர எதுவும் இல்லை. யாருக்கும் மகளாகவோ தங்கையாகவோ இல்லாமல், பெயர்கூட இல்லாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்து பையை வாங்கிக்கொண்டேன்.

முற்றத்து நிழலில் உட்கார்ந்து பேசினோம். அவர் பெயர் தனபாக்கியம், பக்கத்துத் தெருவில் பட்டு நெசவுக் குடும்பம். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிகிற ஒவ்வொரு முறையும் இங்கே வந்து ஒரு சுற்று சுற்றுவாராம்.

"வேண்டுதலா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லமா. கரை வேற கலரு, உடம்பு வேற கலரு. அத கோர்த்து நெய்யணும்னா தறியில ரெண்டு பேரு வேணும். அவர் இந்தாண்ட, நான் அந்தாண்ட. கல்யாணம் ஆயி இருவத்தாறு வருசமா அவர் எறியற நூல் நாடா வர்றத பாத்துக்கினே குந்திக்கினு இருக்கறேன். இந்த சந்துல மட்டும் அவரால கூட வர முடியாது."

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க கடல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். கடல் இருக்கும் மகாபலிபுரம் அங்கிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர். அவர் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும், அதுவும் தனியாக. அன்று சாயங்காலம் பாவு முடியும். மறுநாள் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையோடு முறுக்கி இணைக்கத் தனி ஆள் வருவார். கணவர் அவரோடு இருந்தாக வேண்டும், மனைவிக்கு வேலையில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு நாளைத் தனபாக்கியம் ஒவ்வொரு தடவையும் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எப்பிடிமா தைரியமா வர்றீங்க? பஸ்ல எங்க குந்துவீங்க? யாரு எவுருன்னு கேட்டா?"

தெரிந்ததைச் சொன்னேன். ஜன்னலோரமாக உட்காருங்கள். வழியை ஓர் ஆணிடம் கேட்காமல் இரண்டு பெண்களிடம் கேளுங்கள். இறங்கியவுடன் திரும்பி வரும் பேருந்தின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் எது கேட்டாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. பாடம் கேட்பவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

மாலை 3 மணி. அவர் அழைத்தபடி வீட்டுக்குப் போனேன். குழித்தறியில் கணவர் ஏகாம்பரமும் அவரும் கால்களைத் தொங்கவிட்டு அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. ஏகாம்பரம் மஞ்சள் நூல் சுற்றிய நாடாவை எறிவார். கரையோரம் அது நிற்கும். தனபாக்கியம் தன் அரக்கு நாடாவை அதோடு கொக்கி போட்டுத் திருப்புவார். பேச்சே இல்லை. இரண்டு பேருக்கும் மூச்சு ஒன்றாக ஓடியது. இவ்வளவு சேர்ந்திருப்பதை என் வாழ்நாளில் எங்கும் கண்டதில்லை.

கடைசிச் சாண் நெய்து புடவையை அறுத்தபின் ஏகாம்பரம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கடலுக்குப் போறேன்னு சொல்லிக்கினு இருக்குது. போவட்டும், நான் வேணான்னா சொன்னேன்? நாளைக்கி என்னால வர முடியாதுமா. அடுத்த தபா பாவு பிணைக்க தம்பிய வுட்டுட்டு நானும் வர்றேன், ரெண்டு பேருமா போலாம்னேன். மொகத்த தூக்கி வச்சிக்கினா நான் இன்னா பண்றது?"

நல்ல மனுஷர். அதுதான் சங்கடமே. தடுக்கிறவரோடு சண்டை போடலாம், கூடவே வருகிறேன் என்கிறவரை என்ன செய்வது? தனபாக்கியம் புடவையை மடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் இது நான் இணைத்துவிடும் அழைப்பு அல்ல என்று காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிறு, காலை 6.10. செங்கல்பட்டு போக பேருந்து நிலையத்துக்கு வந்தேன். மகாபலிபுரம் வண்டி அவ்வழியாகத்தான் போகும் என்றார்கள். டீக்கடை மறைவில், சைக்கிளைப் பிடித்தபடி ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையைக் காட்டினார்.

"மெதுவாமா! அது வண்டியில ஏறி குந்திடுச்சி. நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு கெளம்பி வந்துச்சி. பின்னாலயே வந்தேன்னு தெரிஞ்சா கொன்னுடும்."

"கவலையா இருக்கா?"

"இருக்காதா பின்ன? இந்தக் கோயில தவிர அது ஒரு நாளும் என்னை வுட்டு எங்கயும் தனியா போனதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்து எனக்கு சொல்லும்ல, எப்பிடி இருந்துச்சின்னு. போங்க, வண்டி எடுத்துடப்போறான். அதாண்ட சொல்லிடாதீங்க."

ஏறினேன். மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம், மடியில் துணிப்பையோடு தனபாக்கியம். நான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். முப்பத்தாறு கிலோமீட்டரும் அந்தப் பின்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏரி வந்தது, வயல் வந்தது, பனைமரங்கள் வந்தன. எதைக் காட்டவும் அவர் யார் பக்கமும் திரும்பவில்லை.

செங்கல்பட்டில் இறங்கி அவர் ஜன்னலைக் கடந்தபோது கண்கள் சந்தித்தன. அவருக்கு என்னை நன்றாகவே அடையாளம் தெரிந்தது. நான் சிரிக்க வாயெடுப்பதற்குள், முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியைப் பார்த்ததுபோல முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு இம்மியளவும் வருத்தமில்லை. தெரியும் என்று காட்டியிருந்தால் அந்த நிமிஷமே நாங்கள் இரண்டு பேராகியிருப்போம். நான் ஊர் ஊராகத் தனியாகச் சுற்றுகிறவள். ஆனால் விட்டுவிட்டு வர எனக்கு இப்படியொரு துணை என்றுமே இருந்ததில்லை. பேருந்து கிளம்பியது. அது கண்ணுக்கு மறையும்வரை, கும்பிடத் தோன்றிய கைகளைப் பையின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.