மாமன் கையில் மைக்

என் வேன் ஷெட்டின் மூலையில் ஒரு பழைய ஒலிபெருக்கிக் குழாய் தொங்குகிறது. விளிம்பு நசுங்கியது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று ஒரகடத்தில் எந்தக் கம்பெனி வாசலில் என் பெயரைச் சொன்னாலும் உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் என் வேன்களுக்கெல்லாம் முதல், இந்தக் குழாய் சம்பாதித்துக் கொடுத்ததுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதே அப்படி.

தொண்ணூற்றொன்றில் எங்கள் பக்கத்தில் மைக் செட் என்றால் என் செட்தான். கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் பழைய படங்களின் கதை வசன கேசட் போடச் சொல்வார்கள். என் தாய்மாமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வருவார். நான் கேசட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கொடுப்பேன். நாட்டை இழந்த தளபதி தர்பாரில் நின்று பேசும் வசனத்தை ஓர் எழுத்து பிசகாமல் முழங்குவார். மணிமங்கலத்திலிருந்துகூட ஆள் வந்து அழைத்துப் போவார்கள். மற்ற நேரத்தில் அவர் வாய் திறப்பதே அபூர்வம்.

அந்த வருஷம் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று, ஆட்சேபனை கேட்க ஓர் அதிகாரி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஊர் சார்பில் பேச மாமனை விட்டால் யார்? மைக் இல்லாமல் பேசினால் எடுபடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் செட்டையே கட்டினோம். போகும் வழியில் மாமன் மெதுவாகச் சொன்னார்.

“எனுக்குப் பெருசா ஒண்ணும் வேணாண்டா. நெலத்த எடுத்துக்கினு போவட்டும். கெணறு கீற அந்த அரை ஏக்கர மட்டும் வுட்டா போதும். எந்தக் கோடையிலயும் வத்துனதில்ல. கீரையப் போட்டாவது பொழச்சிக்குவேன்.”

இதை இப்படியே சொல்லியிருந்தால் போதும். மைக்கைக் கையில் வாங்கினார். குழாய் ஒருமுறை கீச்சிட்டது. துண்டு தானாக இடுப்புக்குப் போனது. அவ்வளவுதான், தளபதி வந்துவிட்டான். மானம் என்றார், வாள் என்றார், மன்னா என்று அதிகாரியைப் பார்த்துக் கை நீட்டினார். ஜனங்கள் விசிலடித்தார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே கைதட்டி, பேனாவை மூடினார். “சினிமாவுல சேர்ந்திருக்கலாம் பெரியவரே” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த ஊர் காத்திருந்தது.

புழுதி அடங்கும்வரை மாமன் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

“டேய், கெணத்த சொன்னனா?”

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். “இல்ல மாமா.”

சொல்லியிருந்தாலும் விட்டிருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. மாமனுக்கும் தெரியாமலே போயிற்று. அதுதான் அவரைத் தின்றது. அதன்பின் எந்தக் கல்யாணத்திலும் அவர் வசனம் பேசவில்லை. கூப்பிட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பந்தியில் போய் உட்காருவார். என் மகள் கல்யாணத்தில் நானே மைக்கை நீட்டினேன். வாங்கினார். சபை அமைதியானது. “தண்ணி குடுடா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அது ஊருக்கே கேட்டது.

மாமன் இப்போது இல்லை. கிணற்றை மூடித் தார் போட்ட இடத்தில்தான், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் என் வேன்கள் வரிசையாக நிற்கின்றன. பழைய இரும்புக்காரன் வரும்போதெல்லாம் குழாயைப் போட்டுவிடலாமா என்று டிரைவர்கள் கேட்கிறார்கள். எத்தனையோ கல்யாணத்தையும் சாவையும் ஊருக்குச் சொன்ன குழாய். கிணறு என்ற ஒரு சொல் மட்டும் அதன் வழியாக வரவே இல்லை.