அம்மை வந்த லைனும் வெயிலில் நின்ற ஸ்டெல்லாவும்

கம்பெனி முதலுதவி அறையில் நர்ஸாக இருப்பவளுக்குக் காயம் கட்டுவது கால் வேலைதான்; மீதி முக்கால் வேலை ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியத்தோடு மல்லுக்கட்டுவது. பஞ்சும் டிஞ்சருமாகக் காலம் தள்ளிய சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! 1991 கோடையில் நான் மண்ணூர்ப் பக்கம் ஒரு புதுக் கம்பெனியில் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஜன்னலில் சாக்கு

மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் லைனில் நாலு பெண்களுக்கு அடுத்தடுத்து அம்மை போட்டது. சூப்பர்வைசர் குணசேகரன் என்ன செய்தார் தெரியுமா? வெயில் சூட்டால்தான் வருகிறது என்று அத்தனை ஜன்னலுக்கும் சாக்கு கட்டிவிட்டார். உள்ளே அறுபது பேர், ஒரே புழுக்கம். அந்த வாரமே இன்னும் மூன்று பேர் படுத்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலால் சாக்குக் கயிற்றையெல்லாம் நறுக்கிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வெயிலு உள்ள வந்து நாளைக்கு எனக்கு அம்மை போட்டா, லீவு லெட்டரை நீங்கதான் எழுதணும் சிஸ்டர்!”

ஏழாம் மாதம்

அதே லைனில் ஸ்டெல்லா இருந்தாள். வல்லம் வடகால் பெண். ஏழு மாதம், தலைப்பிரசவம். “உனக்குச் சின்ன வயசில் அம்மை வந்திருக்கா?” என்றேன். இல்லை என்றாள். மாசமாக இருப்பவளுக்கு அம்மை போட்டால் நுரையீரல் வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கம்பெனியில் அம்மை எட்டிப் பார்க்காத இடம் லாரிக்குச் சரக்கு ஏற்றும் வெட்டவெளி, லோடிங் யார்டு ஒன்றுதான். மேனேஜரிடம் சண்டை போட்டு அவளை அங்கே லேபிள் ஒட்ட அனுப்பினேன். வியாழக்கிழமை வரும் டாக்டரிடம், காப்பாற்றுவது வெயிலா, காற்றா, கூட்டம் இல்லாததா என்று கேட்டேன். தெரியாது, மூன்றும் இருக்கட்டும் என்றார். லோடர் முனுசாமிக்கோ சந்தேகமே இல்லை. “வெயில்ல வேவுற எங்களுக்கு ஒண்ணியும் வர்ல. நெழல்ல குந்திகினு கீறவங்களுக்குத்தான் வருது சிஸ்டர்!”

மூன்றாம் தண்ணீர்

லைனில் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து சீட்டில் இருந்த வசந்தாவுக்கும் அம்மை இறங்கியது. ஆள் பற்றாக்குறை. எப்போது வேலைக்கு அனுப்புவீர்கள் என்று கேட்கக் குணசேகரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். இரண்டு தண்ணீர் ஊற்றியாயிற்று, மூன்றாவது பாக்கி. வேப்பிலை, மஞ்சள் போட்ட குடத்தை வெயிலில் வைத்தால் மூன்று நாளாக மப்பு, தண்ணீர் சூடேறவில்லை. அடுப்பில் காய்ச்சக் கூடாதா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குஷி. அதற்குள் பக்கெல்லாம் உதிர்ந்துவிடும், அப்புறம் அவள் வேலைக்கு வந்தாலும் யாருக்கும் தொற்றாது. வசந்தாவின் அம்மா சொன்னது: “ஆத்தாவ அவசரப்படுத்த நீ யாரு சார்? வெயிலு வரட்டும், அனுப்புறேன்.”

பத்தொன்பதாம் நாள்

லைனை விட்டு வந்த பிறகும் மூன்று வாரம் பார்க்க வேண்டும்; அம்மை ஒட்டியிருந்தால் வெளியே தெரிய அவ்வளவு நாள் ஆகலாம். தினமும் ஸ்டெல்லாவின் கையையும் கழுத்தையும் பார்த்தேன். பத்தொன்பதாம் நாள் காலை அழுதுகொண்டே ஓடி வந்தாள். கழுத்து, முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிப்பொரியாக. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். நீர்க்கொப்புளம் ஒன்றுகூட இல்லை. காய்ச்சலும் இல்லை.

“அடிப் பாவி, இது வேர்க்குருதான்டி!” என்று கத்தினேன். கத்தியதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். “வெயிலு குடுத்ததுதானா சிஸ்டர்? குடுக்கட்டும், இன்னும் நல்லா குடுக்கட்டும்!”

மீதி இரண்டு நாளும் கடந்தது, அவளுக்கு அம்மை வரவில்லை. வெயில் அம்மையைத் தடுக்குமா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது, வேர்க்குரு கொடுக்கும் என்று மட்டும் எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.