றிஸ்லானின் இடக்கை

வளைவு வருமுன்பே றிஸ்லான் ஹோன் அடித்துவிடுவான். எதிரே ஆள் வருகிறதா, ஆடு வருகிறதா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கல்குடாப் பக்கம் கிறவல் கல் கொட்டி உருட்டிய கார் ரேஸ் பாதையில் அன்றைக்கு அவனுடைய சிவப்புக் காரைத் தவிர வேறொரு வாகனமும் இல்லை. அப்படியிருந்தும் முதல் வளைவிலே அடித்தான், அடுத்ததிலும் அடித்தான்.

"ஆருக்குடா அடிக்கிறாய்?" என்று கரையில் குடையோடு நின்ற அவன் கூட்டாளி தினுஷன் மழையைப் பார்த்துக் கேட்டான். மழையும் லேசுப்பட்ட மழையல்ல. வாவி மீனெல்லாம் ஆற்றுவாயைத் தேடி அலையாமல் றோட்டாலேயே கடலுக்குப் போன மாரி அது.

றிஸ்லான் ஏறாவூரில் பள்ளிக்கூட வான் ஓடுகிறவன். அவனுடைய வானை முந்திய ஆமையொன்று இன்னும் அந்தப் பெருமையைச் சொல்லித் திரிகிறதாம். வானில் முன் ஸீற் எப்போதும் ரிப்காவுக்குத்தான். பிள்ளைகளுக்குள் அவள்தான் ஆகச் சின்னவள், வாய் மட்டும் எல்லாரையும்விடப் பெரிது. றிஸ்லான் ரேஸ் ஓடப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் கேட்டாளே ஒரு கேள்வி: "மாமா, நம்மட வானத் தயிர்க்காரர்ர சைக்கிளே முந்துதே, நீங்க எப்பிடி ரேஸ் ஓடுற?" வான் முழுக்கச் சிரித்தது. றிஸ்லான் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழம உம்மா வாப்பாவக் கூட்டிட்டு வந்து பாருங்க," என்றான். பிள்ளைகளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. இனிப் பின்வாங்க வழியில்லை.

காரும் சும்மா வந்த காரல்ல. கதவு ஓட்டமாவடியில் கிடைத்தது, எஞ்சினை மூடும் பொனற் காத்தான்குடியில். எஞ்சின் எங்கே வாங்கியது என்று கேட்டால், "அது கொழும்பால நடந்து வந்த," என்பான். மூன்று மாரி அவன் வீட்டு முற்றத்தில் நனைந்து, ஒருவழியாக ஓடத் தொடங்கிய கார்.

ஓட்டத்தில் குறையில்லை. நிறுத்துவதில்தான் கோளாறு. நேர்ப்பாதை முடிகிற இடத்தில் வெள்ளைக் கோடு. ஈரத்தில் வேகமாக வந்து அதற்குள் நேராக நிறுத்திக் காட்டினால்தான் ஞாயிற்றுக்கிழமை ரேஸில் இடம். றிஸ்லான் பிரேக் மிதித்தால் கார் பம்பரமாகச் சுழன்று, வந்த பக்கத்தையே பார்த்து நிற்கும். இரண்டு தடவையும் அதே கூத்து.

பாதைக்குப் பொறுப்பான டினோஷா கொடியோடு வந்தாள். முழங்கால் வரை சப்பாத்து, முகத்தில் இரக்கம் கொஞ்சமும் இல்லை. "அண்ணன், இன்னொருக்காத்தான் விடுவன். மறுகாவும் கார் சுத்திக் கிறுகினா ஞாயிறு நீங்க வரவேணாம்."

"கிறுகாது, தங்கச்சி."

"இதத்தான் முதலும் சொன்னீங்க."

தினுஷன் களுதாவளையில் போன் திருத்துகிறவன். அவன் கை போன் இல்லாமல் இராது. குடையைத் தாடையால் இடுக்கிக்கொண்டு இரண்டு ஓட்டத்தையும் படம் பிடித்திருந்தான். இப்போது தகரக் கொட்டிலுக்குள் றிஸ்லானை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான்.

"உன்ர இடக்கை எங்கடா போகுது?"

"எங்கயும் போகல்ல."

"வடிவாப் பார்."

பார்த்தான். கால் பிரேக்கில் விழும் அதே கணத்தில் இடக்கை ஸ்டியரிங்கை விட்டுக் கிளம்பி, பக்கத்தில் கிடந்த வெறும் ஸீற்றுக்குக் குறுக்கே வேலி கட்டியது. இரண்டாவது படத்திலும் அதே வேலி.

"ஆருக்கு மச்சான் அணை போடுறாய்? பேய் பிசாசு ஏதும் ஏத்திட்டு வாறியா?"

றிஸ்லான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அது ரிப்கா இரிக்கிற பக்கம்," என்றான் மெல்ல. "பிரேக்கில கால் வெச்சா அது என்னக் கேக்காமப் போகுது."

"ஸ்டியரிங்கோட சேத்துக் கட்டுவமா?"

"கட்டினா கியர ஆர் மாத்துற, உன்ர அப்பாவா?"

சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினான். டிக்கியைத் திறந்து நட்டுக் கழற்றும் சாவியை எடுத்து, இடப்பக்க ஸீற்றைக் கழற்றத் தொடங்கினான். நட்டெல்லாம் துரு, ஒன்று கழன்றது, மற்றது அழுதது. தினுஷன் குடையை ஆளுக்குப் பிடிக்காமல் நட்டுக்குப் பிடித்தான். டினோஷா மணிக்கூட்டைப் பார்த்தாள். விரலில் தோல் உரிந்தும் றிஸ்லான் நிமிரவில்லை. கடைசியில் ஸீற் வெளியே வந்தது. தினுஷன் அதைப் பாதையோரம் வைத்து, குடையை விரித்து, ஜமீன்தார் கணக்கில் குந்தினான். ஒரு கொக்குக்கூட வந்து பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொல்கிறான். கொக்கு மறுத்துப் பேசவில்லை.

சிவப்புக் கார் வந்தது. ஹோன் அடித்தது. பிரேக் விழுந்தது. இடக்கை பாதி எழும்பி, ஸீற் இருந்த இடத்தில் வெறும் தகரத்தைக் கண்டு, வெட்கப்பட்டதுபோல் ஸ்டியரிங்குக்கே திரும்பியது. கார் வாலை ஒரு ஆட்டு ஆட்டி, கோட்டுக்குள் நேராக நின்றது.

டினோஷா கொடியைச் சுருட்டினாள். "ஞாயிறு வாங்க, அண்ணன். ஹோன மட்டும் வீட்ட வெச்சிட்டு வாங்க."

ஸீற்றைத் திரும்பப் பூட்டி ஏறாவூருக்கு வெளிக்கிட்டார்கள். றோட்டில் ஏறியதும் றிஸ்லான் பழையபடி வான்காரனானான். ஒரு சைக்கிள் முந்திப் போனது.

"மிதி மச்சான், வெக்கமா இரிக்கி," என்றான் தினுஷன்.

"மழ மச்சான்."

வளைவுக்கு முன்பே ஹோன் அடித்தான். வளைவு தாண்டினால் மாட்டுப் பட்டியொன்று றோட்டைக் கடந்துகொண்டிருந்தது. பிரேக் மிதித்தான். இடக்கை வந்து தினுஷனின் நனைந்த நெஞ்சுக்குக் குறுக்கே அழுந்தியது. கடைசிக் கன்று கடந்து முடியும்வரை அங்கேயே இருந்தது.