வாய்க்கு மேல் இழுத்த முக்காடு

மடவளைப் பெண்பிள்ளைகள் பாடசாலையில் றலியா டீச்சர் ஓர் அதட்டல் போட்டால் வகுப்பே கப்சிப். ஆனால் தலைமையாசிரியர் மர்சூக் மாஸ்டர் வாசலில் தலை காட்டினால் போதும், டீச்சர் முக்காட்டுத் தலைப்பை வாய்க்கு மேல் இழுத்துக்கொள்வார். அந்நிய ஆண்களுக்கு முன்னால் அவருக்கு அதுதான் பழக்கம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நான்கில் அந்தப் பழக்கம் ஒரு பிள்ளையின் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

அந்தப் பிள்ளை ஹிதாயா, ஒன்பது வயது. றலியா தனியாகக் கேட்டால் பதில் பட்பட்டென்று வரும். மாஸ்டர் முன்னால் அதே கேள்வியைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

“இது மூளையில்லாத புள்ள, டீச்சர். இன்ஸ்பெக்டர் வந்து பாத்த பொறகு பேர வெட்டிருவேன்” என்றார் மாஸ்டர், உதட்டை மூடிய தொங்கு மீசையை நீவியபடி.

ஹிதாயாவின் உம்மா கைரியா ஓடி வந்து அழுதாள். “அந்தப் பெரிய காய்ச்சலுக்குப் பொறகுதான் டீச்சர் இப்பிடி. அவள நிப்பாட்டிராதீங்க.”

மாஸ்டரைக் கண்ட பயமாக்கும் என்றுதான் றலியாவும் நினைத்திருந்தார். ஒருநாள் அவருக்குப் பல்வலி. கராம்பைக் கடித்துக்கொண்டு, வாயைத் துணியால் பொத்தியபடி வாய்ப்பாடு கேட்டார். ஹிதாயா அதே திருதிரு. மாஸ்டரோ அந்தப் பக்கமே இல்லை!

றலியாவுக்குப் பல்வலி பறந்துவிட்டது. துணியை எடுத்துவிட்டுக் கேட்டார், பதில் வந்தது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார், திரும்பவே இல்லை. யா அல்லாஹ், இவள் காதால் கேட்கவில்லை, என் உதட்டைப் பார்த்தல்லவா படிக்கிறாள்! நானே மூடி மூடி வைத்து இவளை மக்காக்கியிருக்கிறேனே! அவருக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் யாழ்ப்பாணத்துக்காரர். பதிவேட்டில் குனிந்த தலை நிமிராமல் அவர் கேட்ட கேள்விக்கு ஹிதாயா வாய் திறக்கவில்லை. மாஸ்டர் ‘நான் சொல்லவில்லையா’ என்பதுபோல் கனைத்தார்.

றலியா முக்காட்டை வாயிலிருந்து இறக்கினார், இரண்டு அந்நிய ஆண்களுக்கு முன்னால், வாழ்நாளில் முதல் தடவையாக.

“சேர், இவளுக்கு மூளையில ஒண்ணும் கொறையில்ல. காதுதான் கேக்காது. நான் கேக்கிறேன், பாருங்க.”

கேட்டார். ஹிதாயா சரியாகச் சொன்னாள்.

“பாடமாக்கிக் குடுத்திருப்பீங்க” என்றார் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். ஒரு கேள்வியை றலியாவிடம் மெல்லச் சொன்னார். “இதைச் சத்தம் போடாமல் கேளுங்கோ, பாப்பம்.”

றலியா உதட்டை மட்டும் அசைத்தார். வகுப்பில் ஒரு காதிலும் ஒன்றும் விழவில்லை.

“மகாவலி கங்கை, டீச்சர்!” ஹிதாயாவின் குரல் கூரையில் முட்டியது.

“ஓம், நாட்டிலேயே நீளமான ஆறு எது எண்டுதான் நான் கேட்டது!” இன்ஸ்பெக்டர் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். “இந்தப் பிள்ளையை முன் வரிசை வாங்கில இருத்துங்கோ.”

வெளியே நின்ற கைரியா அழுதுகொண்டே சிரித்தாள். றலியாவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

அதன்பின் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் றலியா வாயை மூடிக்கொண்டு ஒருமுறை, திறந்துகொண்டு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். பின் வாங்கில் மக்கு என்று கிடந்தவர்களில் இன்னும் சிலர் முன்னுக்கு வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து போன அடுத்த கிழமை மர்சூக் மாஸ்டர் வகுப்புக்குள் வந்தபோது பிள்ளைகள் மலைத்துப் போனார்கள். ஊரே மெச்சிய அந்தத் தொங்கு மீசையை, மேலுதடு முழுக்கத் தெரிய, ஒட்டக் கத்தரித்திருந்தார். நேரே ஹிதாயாவிடம் போய்க் குனிந்தார்.

“இப்ப வெளங்குதா, மகள்?”

“வெளங்குது, சேர்!”