சிவப்புப் பத்து ரூபாயின் சுயசரிதை

நாலாம் வகுப்பில் எங்கள் டீச்சருக்குச் சுயசரிதைப் பைத்தியம் பிடித்திருந்தது. குடையின் சுயசரிதை, கிழிந்த செருப்பின் சுயசரிதை என்று வாரம் ஒன்றாக எழுதச் சொல்வார், அதுவும் ஆங்கிலத்தில். துபாயில் மழை பெய்தே பார்த்திராத நான், குடையாக மாறி நாலு பக்கம் அழுதிருக்கிறேன். அந்த வாரம் ரூபாய் நோட்டு. வியாழக்கிழமை நோட்டுப்புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

கட்டுரை நோட்டில் வலது பக்கம் கோடு போட்டிருக்கும், இடது பக்கம் வெறுமையாக இருக்கும். இடது பக்கத்தில் படம் ஒட்டினால் கூடுதல் மதிப்பெண். படம் ஒட்டுவதில் எங்களுக்குள் பெரிய போரே நடந்தது. என் பக்கத்து பெஞ்சுக்காரி குடைக் கட்டுரைக்குப் பட்டுத்துணியில் குட்டிக் குடையே தைத்து ஒட்டி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவள். இந்த முறை அவளை மண்ணைக் கவ்வ வைக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. எங்கள் வீட்டு ஆங்கில அகராதிக்குள் நிஜமான சிவப்புப் பத்து ரூபாய் நோட்டு இருந்தது.

அறுபதுகளில் அந்த ஊர்க் கடைகளில் புழங்கியது நம் ரூபாய்தான். வளைகுடாவுக்கென்று தனி நிறத்தில் நம் நாட்டிலேயே அச்சடித்து அனுப்பிய நோட்டு. பிறகு அது செல்லாமல் போய், ரியால் வந்து, திர்ஹமும் வந்துவிட்டது. கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, கையிலிருந்ததை எல்லாம் வங்கியில் மாற்றினார், ஒன்றைத் தவிர. அகராதிக்குள் வைத்து மறந்துவிட்டாராம். பிறகு அம்மாவும் நானும் ஊரிலிருந்து வந்து சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இது அவல் கிடைத்த மாதிரி.

"பத்து ரூவாயக் கோட்டை விட்டுட்டு, அதுக்குப் பெருமை வேற!"

அப்பா சிரிப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை விருந்துக்கு யார் வந்தாலும் சாப்பாட்டுக்குப் பின் அகராதி வெளியே வரும். நோட்டின் பின்பக்கத்தில் பாய் விரித்த மரக்கலம், ஓரத்தில் வரிசையாக நம் ஊர் மொழிகள். "தமிழ் எங்க இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்" என்பார். விருந்தாளிகள் பாவம், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

புதன்கிழமை மாலை அப்பா வருவதற்குள் நோட்டை எடுத்தேன். மரக்கலம் வெளியே தெரியும்படி கோந்து தடவி, அகராதியையே மேலே பாரமாக வைத்து, அழுத்தி ஒட்டினேன். திருப்பி எடுக்க வேண்டியிருக்குமே என்று என் மண்டைக்குத் தோன்றவே இல்லை. வியாழன் காலை நோட்டுப்புத்தகம் டீச்சரிடம் போய்விட்டது. அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்ததும் அம்மாவிடம் சொன்னார்.

"ஆபீஸ்ல புதுசா ஒருத்தன் மெட்ராஸ்லேருந்து வந்திருக்கான். ரூபா நோட்டு செவப்பா, யாருகிட்ட விடுறீங்க சார்னு எல்லார் முன்னாடியும் கேலி பண்றான். நாளைக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். கண்ணால பாக்கட்டும்."

நான் போய் அகராதியை அலமாரியில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

மறுநாள் அந்த இளைஞர் வந்து, மூன்று முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அகராதியைத் திறந்தார். புரட்டினார். தலைகீழாகப் பிடித்து உதறினார். பழைய பஸ் டிக்கெட் ஒன்று விழுந்தது.

"இங்கதான் வச்சிருந்தேன்..."

"பரவால்ல சார், நம்புறேன் சார்" என்று சிரித்தார் அவர். நம்பவில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அப்பாவின் காதெல்லாம் சிவந்துபோனது. அம்மாகூட அன்று கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. அவர் போன பிறகு அப்பா ஒவ்வொரு புத்தகமாக உதறிக்கொண்டிருந்தார். நான் வீட்டுப்பாடம் செய்வதுபோல் நடித்தேன். அவ்வளவு கோழை நான்.

சனிக்கிழமை நோட்டுப்புத்தகம் திரும்பி வந்தது. ஒட்டியிருந்த நோட்டின் மேல், மரக்கலத்தின் பாயைக் கிழித்துக்கொண்டு, சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. "ரூபாய் நோட்டு சிவப்பாக இராது. விளையாட்டுக் காசை ஒட்டாதே. பெற்றோர் கையெழுத்து தேவை." பக்கத்து பெஞ்சுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு ஆனந்தமாகப் பென்சில் சீவினாள்.

அன்று மாலை, அடி விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டுப்புத்தகத்தை அப்பாவிடம் நீட்டினேன். முதலில் நோட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. கோந்து அப்படிப்பட்ட கோந்து. பிறகு வலது பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். நான் எழுதியிருந்தது இதுதான்:

"என் கூட்டாளிகள் எல்லோரும் வங்கிக்குப் போனார்கள். என் எஜமானரும் என்னை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அப்போது அவருக்கு அங்கே வீடு இல்லை, மனைவி இல்லை, மகள் இல்லை. என் முதுகில் அவருடைய மொழியில் இரண்டு வார்த்தைகள் இருந்தன. என்னைக் கொடுத்துவிட்டால் அவரோடு தமிழில் பேச யார் இருக்கிறார்கள்? என்னை மட்டும் சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். ஊரில் எல்லோரிடமும் மறந்துவிட்டேன் என்று சொன்னார்."

அப்பா இரண்டாம் முறை படித்தார்.

"யாரு சொன்னா உனக்கு இத?"

"யாரும் சொல்லலப்பா. சும்மா, நானே விட்ட கதை."

அவர் என்னை அடிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஆபீஸ் பேனாவை எடுத்து, டீச்சரின் குறிப்புக்குக் கீழே தன் மணியான ஆங்கிலக் கையெழுத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார். "என்ன எழுதியிருக்கீங்க?" என்று அம்மா கேட்டாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான்தான் முதலில் என் கட்டுரையை, பிறகு அவர் எழுதியதை எழுத்துக்கூட்டி, தமிழில் சொன்னேன்.

"மேடம், நோட்டு உண்மை. மற்றதும் உண்மை."

அம்மா அதை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பத்து ரூபாயைப் பற்றி அவள் அப்பாவைக் கேலி செய்ததே இல்லை.